பதினெட்டு வீடியோ, நாற்பது வியூஸ்: அடுத்து என்ன செய்வது?

"யூடியூப் சேனல் தொடங்கலாமா?" என்று கேட்டு வந்த கடிதங்கள் குறைந்து, "தொடங்கிவிட்டேன், தொடர முடியவில்லை" என்று வரும் கடிதங்கள்தான் இப்போது அதிகம். இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

ஈரோட்டில் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ் கட்டிங் சொல்லிக்கொடுக்கும் சேனல் ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. 18 வீடியோ போட்டாகிவிட்டது. எதுவும் 40, 50 வியூஸைத் தாண்டவில்லை. ஒரு வீடியோவுக்கு இரண்டு நாள் போகிறது. அந்த நேரத்தில் நாலு பிளவுஸ் தைத்திருந்தால் கையில் காசாவது வந்திருக்கும். விட்டுவிடவா?
– தையல் ஆசிரியை, ஈரோடு

வியூஸ் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த 40 பேர் யார், எந்த வழியாக வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

யூடியூப் ஸ்டூடியோவில் (சேனல் நடத்துகிறவருக்கான யூடியூபின் தனிப் பக்கம்) ஒரு வீடியோவைத் திறந்து அனலிடிக்ஸில் 'ரீச்' பகுதிக்குப் போங்கள். பார்வையாளர்கள் வந்த வழிகள் அங்கே பட்டியலாக இருக்கும். 'எக்ஸ்டெர்னல்' முதலிடத்தில் இருந்து, அதற்குள் வாட்ஸ்அப் இருந்தால், வந்தவர்கள் உங்கள் சொந்தக்காரர்கள். நாத்தனாரும் பக்கத்து வீட்டு அக்காவும் அன்புக்காகத் திறந்து இருபது விநாடியில் மூடியிருப்பார்கள். பிளவுஸ் வெட்டக் கற்றுக்கொள்ள வந்தவர் அதில் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். அப்படியென்றால் உங்கள் வீடியோ பிடிக்காமல் போகவில்லை, போய்ச் சேர வேண்டியவரிடம் இன்னும் போகவே இல்லை. குடும்பக் குழுவுக்கு லிங்க் அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். 'யூடியூப் சர்ச்' வழியாகப் பத்துப் பேர் வந்திருந்தாலும் அந்தப் பத்துப் பேர்தான் கணக்கு.

அதே பக்கத்தில் இம்ப்ரெஷன் என்றிருப்பது, உங்கள் தம்ப்நெயில், அதாவது வீடியோவின் முகப்புப் படம், எத்தனை முறை கண்ணில் காட்டப்பட்டது என்பது. பக்கத்தில் உள்ள சதவீதம், அதில் எத்தனை முறை தொட்டுத் திறந்தார்கள் என்பது. பாதிச் சேனல்களுக்கு இது 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கும் என்று யூடியூபே சொல்கிறது. ஆனால் 200 இம்ப்ரெஷனில் 3 சதவீதம் என்றால் வெறும் ஆறு கிளிக். ஆறு கிளிக்கை வைத்துத் தம்ப்நெயில் சரியில்லை என்று யாரும் தீர்மானிக்க முடியாது. இம்ப்ரெஷன் ஆயிரம் தாண்டும்வரை அந்தச் சதவீதத்தைப் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பார்க்க வேண்டியது ரிடென்ஷன் வரைபடம்: வீடியோவின் எந்த இடத்தில் எத்தனை பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று காட்டும் கோடு. வியூஸ் ரொம்பக் குறைவாக இருந்தால் வராது. பதினெட்டில் அதிகம் பார்க்கப்பட்டதைத் திறந்து பாருங்கள். கட்டிங் வீடியோக்களில் முதல் அரை நிமிடத்திலேயே கோடு செங்குத்தாக விழுவது சகஜம். "வணக்கம் ஃப்ரெண்ட்ஸ், நம்ம சேனலுக்குப் புதுசா வந்திருந்தா பெல் பட்டனை..." என்று சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் போயிருப்பார்கள். அதற்குப் பதிலாக, தைத்து முடித்த பிளவுஸை முதல் ஷாட்டில் காட்டுங்கள். அக்குளில் சுருக்கம் இல்லாததை விரலால் தொட்டுக்காட்டி, "36 மார்புக்கு ஆர்ம்ஹோல் (கை சேரும் வளைவு) எப்படி வரையறதுன்னு இப்போ பார்ப்போம்" என்று நேராக ஆரம்பியுங்கள்.

விழுந்த கோடு நடுவில் எங்காவது மேலே எழும்புகிறதா? அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆர்ம்ஹோல் வளைவு போடும் இடமாகவோ டாட் (உடம்பு வடிவத்துக்காகத் துணியை மடித்துத் தைப்பது) பிடிக்கும் இடமாகவோ இருக்கும். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: ரொம்பத் தேவையான விஷயமாக இருக்கலாம், அல்லது உங்கள் கை மறைத்து ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்கலாம். அந்த இடத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். வலது கைக்காரர் என்றால் போனை இடது தோளுக்கு மேலே, துணியைப் பார்த்தபடி நிறுத்துங்கள். கை கோட்டை மறைக்காது. வெளிர்நிறத் துணியில் வெள்ளைச் சாக்பீஸ் கேமராவுக்குத் தெரியாது. கருநீலம், மெரூன் மாதிரி அடர்நிற லைனிங் துணியில் வரைந்து காட்டுங்கள். கோடு எழும்பிய ஒவ்வொரு இடமும் தனி வீடியோவாகப் போட வேண்டிய சங்கதி.

தலைப்பு அடுத்த பிரச்சினை. 'பிளவுஸ் கட்டிங்' என்ற பெயரில் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. தைக்கத் தெரிந்தவர்கள் தேடுவது கோளாறை: 'பிளவுஸ் தோள் இறங்குது', 'முன்பக்கம் தூக்குது', 'கை தூக்கினா இழுக்குது'. உங்கள் கடைக்கு ஆல்டரேஷனுக்கு வரும் பிளவுஸ்கள்தான் உங்கள் தலைப்புப் பட்டியல். யூடியூப் தேடல் பெட்டியில் இந்தச் சொற்களைப் பாதி அடித்துவிட்டு, கீழே என்ன வருகிறது என்று பாருங்கள். பிரவுசரின் இன்காக்னிட்டோவில் (பழைய தேடல்களைக் கணக்கில் எடுக்காத தனி ஜன்னல்) பாருங்கள், இல்லையென்றால் உங்கள் பழைய தேடல்களே வந்து நிற்கும். நம் ஆட்களில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறார்கள். தலைப்பைத் தமிழில் வைத்து, டிஸ்கிரிப்ஷன் முதல் வரியில் அதையே ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள்.

கடைசியாக அந்த இரண்டு நாள். உங்களைச் சோர்வடைய வைப்பது அதுதான், வியூஸ் இல்லை. வீடியோவுக்கென்று தனியாகத் துணி வெட்டாதீர்கள். வாடிக்கையாளருக்கு வெட்டும்போதே போனை மாட்டி, ஒரே ஒரு கோளாறை நாலைந்து நிமிடத்தில் காட்டுங்கள். வேலையும் ஓடும், கூலியும் போகாது. அளவுச் சீட்டில் உள்ள பெயரும் போன் நம்பரும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி ஃபிட்டிங் கோளாறுகளை மட்டும் எட்டு வீடியோ போடுங்கள். சர்ச் வழியாக வருகிறவர்கள் கூடுகிறார்களா என்பதை வைத்து அதன் பிறகு முடிவெடுங்கள்.

கேமராவை எடுத்தாலே வீட்டில் மாமியார் முகம் மாறுகிறது. என்ன செய்ய?
– வாசகி, தஞ்சாவூர்

சமையல் நேரத்தில் சமையலறையை ஷூட்டிங் ஸ்பாட் ஆக்கினால் யார் முகமும் மாறும். ஞாயிறு மதியம் 2 முதல் 4 வரை என்று ஒரு நேரத்தைச் சொல்லி வைத்து அதைத் தாண்டாதீர்கள். அவரைக் கேட்காமல் அவர் குரலோ முகமோ வீடியோவில் வரக் கூடாது. நீங்கள் அளவு சொல்லத் தடுமாறும் இடத்தில் அவரே குறுக்கே வந்து திருத்தினால், அவர் சம்மதித்தால் மட்டும், அதை வெட்டாமல் விடுங்கள். அந்த இடத்தை ஜனங்கள் ரசிப்பார்கள்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 கணிதத்துக்காகச் சேனல் தொடங்கினேன். தினம் ஒரு வீடியோ என்று அறிவித்தேன். பதினோராவது நாளோடு நின்றுவிட்டது. திரும்ப ஆரம்பிக்கக் கூச்சமாக இருக்கிறது.
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

நின்றதற்குக் காரணம் சோம்பல் இல்லை, கணக்குத் தப்பு. ஆறு நிமிடப் பாடம் ஒன்றுக்கு எழுத ஒரு மணி நேரம், எடுக்க ஒரு மணி நேரம், எடிட்டுக்கு மூன்று மணி நேரம், தம்ப்நெயில், தலைப்பு, டிஸ்கிரிப்ஷன் எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் போகும். கல்லூரிக்குப் போய்க்கொண்டே அதைத் தினமும் செய்ய முடியாது. தினம் போடுகிற சேனல்களுக்குப் பின்னால் பெரும்பாலும் எடிட்டர் ஒருவராவது இருப்பார்.

வாரம் ஒன்று போதும். ஆனால் கையில் மூன்று வீடியோ முடிந்து தயாராக இருந்தால்தான் அடுத்த அறிவிப்பு. பரீட்சை, காய்ச்சல், ஊர்த் திருவிழா எது வந்தாலும் அந்த மூன்று காப்பாற்றும். ஒரே நாளில் நாலு பாடத்தையும் எடுத்துவிடுங்கள். விளக்கு, மைக், போன் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் மாட்டிக் கழற்றுவதிலேயே முக்கால் மணி நேரம் போகிறதே, அது மிச்சம். அப்லோட் செய்யும்போது 'ஷெட்யூல்' போட்டுவிட்டால் அந்த நாளில் நீங்கள் நினைத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை.

வேலையையும் சின்னதாக்குங்கள். தனிவட்டி முழுவதையும் ஒரே வீடியோவில் நடத்தாமல், 'அசல் இரு மடங்காக எத்தனை ஆண்டு' என்ற ஒரு வகைக் கணக்கு, அதற்கு இரண்டு மாதிரி, அவ்வளவுதான். முகம் காட்டாமல், மேலிருந்து நோட்டில் எழுதுவதை மட்டும் எடுங்கள். பேசும்போது தப்பினால் ரெக்கார்டிங்கை நிறுத்த வேண்டாம். கையை ஒருமுறை தட்டிவிட்டு அந்த வரியை மறுபடி சொல்லுங்கள். எடிட்டில் ஒலிக்கோட்டில் அந்தத் தட்டு ஊசி மாதிரி நிற்கும், வெட்ட வேண்டிய இடத்தைத் தேட வேண்டியதில்லை. எடிட் மூன்றே சுற்று: முதல் சுற்றில் வெட்டு, இரண்டாவதில் எழுத்து, மூன்றாவதில் சத்தம். நாலாவது சுற்று போகிறவர்தான் ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து, காலையில் சேனலையே வெறுக்கிறார்.

சொல்லாமல் கழுத்தறுக்கும் இன்னொன்று, போனில் இடம். 1080பி, நொடிக்கு 30 ஃபிரேம், பழைய ஹெச்.264 முறையில் நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி பிடிக்கும். நாற்பது நிமிடம் எடுத்தால் 5 ஜிபிக்கு மேல். கேமரா செட்டிங்ஸில் ஹெச்இவிசி என்ற புதிய முறைக்கு மாற்றினால் பாதியாகக் குறையும். 4கே இப்போதைக்கு வேண்டாம். ஷூட்டுக்கு முன் ஏரோபிளேன் மோடு. பாதியில் அழைப்பு வந்து ரெக்கார்டிங் நின்று போவதைவிட மனசை உடைப்பது எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் எடிட் செய்யும்போது போகப் போக உதடும் குரலும் விலகினால், போன் ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்து எடுத்திருக்கிறது என்று அர்த்தம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' கொடுத்து மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள்.

கூச்சமே தேவையில்லை. இத்தனை நாள் வராததற்கு விளக்க வீடியோ எதுவும் போடாமல் அடுத்த கணக்கைப் போடுங்கள். நீங்கள் காணாமல் போனதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். புதுச் சேனலில் இருக்கும் ஒரே வசதி அதுதான்.

நல்ல கேமரா வாங்கிய பிறகு தொடங்கலாம் என்று ஒரு வருடமாகத் தள்ளிப்போடுகிறேன்.
– வாசகர், வேலூர்

கேமராவை மறந்துவிட்டு மைக் வாங்குங்கள். படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் எதிரொலித்தால் போய்விடுவார்கள். சட்டையில் மாட்டும் வயர் மைக் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாங்கும்போது பிளக்கைப் பாருங்கள்: மூன்று கறுப்பு வளையம் இருந்தால் போனுக்கு, இரண்டு மட்டும் இருந்தால் கேமராவுக்கு. இரண்டு வளைய மைக்கைப் போனில் சொருகினால் போன் அதைக் கண்டுகொள்ளாமல் தன் மைக்கிலேயே பதியும். மாட்டிய பிறகு மைக்கை நகத்தால் சுரண்டி, பதிந்ததை ஹெட்போனில் கேளுங்கள். கரகரவென்று பெரிதாகக் கேட்டால் அது வேலை செய்கிறது. தாடையிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டுங்கள். ஃபேனை அணையுங்கள். வெறும் சுவருள்ள அறையென்றால் போனுக்குப் பின்பக்கம் ஒரு மெத்தையைச் சாத்தி வையுங்கள்.

வெளிச்சத்துக்கு ஜன்னல் போதும். ஜன்னல் முதுகுப் பக்கம் வராமல், முகத்துக்குச் சாய்வாகப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். ராத்திரியில் டியூப் லைட்டில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. 'ப்ரோ' மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் நின்றுவிடும். லென்ஸைத் துடைக்க மறக்காதீர்கள். எண்ணெய் விரல் பட்ட லென்ஸ்தான் பல பேருடைய 'என் போன் கேமரா சரியில்லை'.

என் வீடியோ எதிலும் கமென்ட் பெட்டியே இல்லை. பேச ஆளில்லாமல் சுவரோடு பேசுவது போல் இருக்கிறது.
– பள்ளி ஆசிரியர், காரைக்குடி

அப்லோட் செய்யும்போது 'குழந்தைகளுக்காக எடுக்கப்பட்டதா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று கொடுத்திருப்பீர்கள். குழந்தைகளும் பார்க்கலாம், ஆபாசம் இல்லை என்ற நல்லெண்ணத்தில் பலர் இப்படிச் செய்கிறார்கள். கேள்விக்கு அது பொருள் இல்லை. அமெரிக்காவின் குழந்தைகள் தனியுரிமைச் சட்டத்தின்படி 2020 ஜனவரி முதல், 'ஆம்' என்று குறித்த வீடியோக்களில் கமென்ட், பெல் அறிவிப்பு, பார்வையாளருக்கேற்ற விளம்பரம் எல்லாம் நின்றுவிடும். உங்கள் பாடம் பெற்றோருக்கோ பெரியவர்களுக்கோ என்றால் செட்டிங்ஸில் சேனல் பகுதிக்குள் போய் மாற்றுங்கள்; ஏற்கெனவே 'ஆம்' என்று குறித்த வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்தும் மாற்றுங்கள். நிஜமாகவே சின்னக் குழந்தைகளுக்கான பாட்டு, கதை என்றால் மாற்றக் கூடாது.

சமையல் வீடியோ போடுகிறேன். "குரல் ஆம்பளை மாதிரி இருக்கு", "மூஞ்சிய பாரு" என்றெல்லாம் எழுதுகிறார்கள். படித்துவிட்டு இரண்டு வாரம் போனையே தொடவில்லை.
– இல்லத்தரசி, திருச்சி

ஸ்டூடியோவில் செட்டிங்ஸ், அதில் கம்யூனிட்டி. அங்கே 'பிளாக்டு வேர்ட்ஸ்' என்ற பெட்டி இருக்கும். நீங்கள் எழுதிய அந்தச் சொற்களையும் வழக்கமான வசவுகளையும் தமிழ் எழுத்தில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக ஒரு முறை போடுங்கள். அந்தச் சொல் உள்ள கமென்ட் வெளியே வராது. சொற்களை நீங்கள் அடிக்கக்கூட வேண்டாம், தங்கையிடமோ தோழியிடமோ கொடுத்துவிடலாம். திரும்பத் திரும்ப எழுதுகிற ஆளை 'ஹைட் யூசர்' செய்யுங்கள். அவர் எழுதிக்கொண்டே இருப்பார், வேறு யார் கண்ணிலும் படாது, அவருக்கும் தெரியாது. பதில் சொல்லித் திருத்தப் பார்ப்பது வீண்வேலை.

கமென்ட் படிக்க ஒரு நாளில் ஒரே நேரம் வைத்துக்கொள்ளுங்கள், படுக்கப் போகும் நேரம் வேண்டாம். "உப்பு எப்போ போட்டீங்கன்னே சொல்லலையே" என்று வருவது திட்டு அல்ல. அளவை எழுதி அந்தப் பதிலை மேலே பின் செய்யுங்கள், அடுத்த வீடியோவில் அளவுகளைத் திரையில் போடுங்கள். மிரட்டலோ, படத்தை மார்ஃபிங் செய்வேன் என்ற பேச்சோ வந்தால் அழிக்காதீர்கள். தேதியும் லிங்க்கும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ காவல் நிலையத்திலோ கொடுங்கள்.

என்னோடு தொடங்கியவர் பத்தாயிரம் சப்ஸ்கிரைபர் தாண்டிவிட்டார். எனக்கு 212.
– வாசகர், சேலம்

அவருடைய தலைப்பு என்ன, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள், முன்பே அவருக்குக் கடையோ வகுப்போ இருந்ததா என்று தெரியாமல் ஒப்பிட்டு என்ன ஆகப்போகிறது? புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல் ஆனது. எல்லோரும் அந்த ஒரு கோடியைத்தான் பார்க்கிறார்கள். எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: அதே வயல்வெளி, அதே குழு, அதே பெரிய பாத்திரம், முதலிலிருந்து முடிவு வரை அதே ஒழுங்கு. அடுத்து என்ன, எங்கே, எப்படி என்று ஒவ்வொரு வாரமும் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லாத ஓர் அச்சு. உங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால் பாதிச் சோர்வு போய்விடும்.

ஒப்பிட்டே தீர வேண்டுமென்றால் உங்கள் கடைசிப் பத்து வீடியோக்களோடு ஒப்பிடுங்கள். ஸ்டூடியோவே 'பத்தில் இது எத்தனாவது' என்று காட்டும். அதையும் வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். போட்ட அரை மணி நேரத்தில் 'பத்தில் ஒன்பது' என்று பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்கள் எழுதிய கடிதங்களே தனிக்கட்டாக இருக்கின்றன. ஸ்டூடியோ ஆப்பின் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள்.

மாடித்தோட்ட ஷார்ட்ஸ் ஒன்று 52,000 போனது. அடுத்தது 300. என்ன தப்பு செய்தேன்?
– வாசகி, கோவை

தப்பு ஒன்றும் இல்லை. ஷார்ட்ஸ் ஃபீடில் உங்களைத் தேடி யாரும் வருவதில்லை, விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் முன்னால் வந்து நிற்கிறீர்கள். மேலும் 2025 மார்ச் 31 முதல், ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ, திரும்ப ஓடினாலும் ஒரு வியூ. அதனால் வியூஸ் எண் முன்பைவிடக் கனமாகத் தெரியும். அனலிடிக்ஸில் 'எங்கேஜ்டு வியூஸ்' (தள்ளிவிடாமல் நின்று பார்த்தவை) என்ற தனிக் கணக்கு இருக்கிறது, அதை நம்புங்கள். வருமானத்துக்கும் அதுதான் கணக்கு. ஓடிய ஷார்ட்ஸ் கறிவேப்பிலைச் செடியைப் பற்றியது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே செடிக்கு மண்கலவை, தொட்டி அளவு, இலைப்புள்ளி என்று விரிவான வீடியோ ஒன்று எடுத்து, ஷார்ட்ஸின் எடிட் பக்கத்தில் 'ரிலேட்டட் வீடியோ' என்ற இடத்தில் இணையுங்கள். 52,000-த்தில் நூறு பேர் அங்கே வந்தாலும் லாபம்.

4,000 மணி நேரம் எப்போது வரும்? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா? ஒருவர் காசு கொடுத்தால் ஆயிரம் சப்ஸ்கிரைபர் தருகிறேன் என்கிறார்.
– தனியார் நிறுவன ஊழியர், மதுரை

விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபரும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பொதுப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸில் ஒரு கோடி வியூஸ். ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் அந்த 4,000-த்தில் சேராது. கணக்குப் போடுவோம். 4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக மூன்று நிமிடம் பார்த்தால் 80,000 வியூஸ். வாரம் ஒன்று என்று வருடத்துக்கு 52 வீடியோ போட்டால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 1,540. அதையே நாலரை நிமிடமாக ஆக்கினால் 1,030 போதும். ஆக, ஆட்களைக் கூட்டுவதைவிட வந்தவரை ஒன்றரை நிமிடம் கூடுதலாக உட்கார வைப்பது உங்கள் கையில் இருக்கிற வேலை.

அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. 500 சப்ஸ்கிரைபர், 90 நாளில் மூன்று வீடியோ, 3,000 மணி நேரம் (அல்லது 90 நாளில் 30 லட்சம் ஷார்ட்ஸ் வியூஸ்) வந்தால் சூப்பர் தேங்க்ஸ், மெம்பர்ஷிப் போன்று பார்வையாளர்களே நேரடியாகக் காசு கொடுக்கும் வழிகள் திறக்கும். விளம்பரப் பங்கு கிடைக்காது. முழுத் தகுதி வந்த பிறகு, வீடியோ பக்கத்தில் வரும் விளம்பரத்தில் 55 சதவீதம் உங்களுக்கு. ஆட்சென்ஸில் (விளம்பரக் காசு வந்து சேரும் கூகுள் கணக்கு) 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் பின் நம்பர் வரும். 100 டாலர் சேராமல் பணம் வராது. அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை பிடிப்பார்கள்; நிரப்பினால் இந்தியருக்கு, அமெரிக்காவில் இருப்பவர்கள் பார்த்ததால் வந்த பங்கில் மட்டும் 15 சதவீதம்.

இந்த வரிசையைப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள், வீட்டு வாடகையை இதை நம்பி வைக்க முடியுமா? வேலையை விடாதீர்கள். மாதச் சம்பளம் வரும்வரை ஒரு வீடியோ ஓடாததைத் தாங்கலாம். வாடகை அதன் தலையில் ஏறிவிட்டால் தாங்க முடியாது.

விலைக்கு வாங்கும் சப்ஸ்கிரைபர், 'நான் உனக்கு, நீ எனக்கு' என்று மாறி மாறி சப்ஸ்கிரைப் செய்வது, இரண்டுமே விதிமீறல். மாட்டினால் எண்ணிக்கையை நீக்குவார்கள், சேனலும் போகலாம். மாட்டாவிட்டாலும் அந்த ஆயிரம் பேரில் ஒருவரும் உங்கள் அடுத்த வீடியோவைத் திறக்க மாட்டார். 4,000 மணி நேரத்துக்கு அவர்கள் ஒரு நிமிடம்கூடத் தரப்போவதில்லை.

ஏஐ குரலில் தினம் ஐந்து வீடியோ தயாரித்துப் போட்டால் சோர்வே வராதே?
– வாசகர், ஓசூர்

உங்களுக்கு வராது, பார்க்கிறவருக்கு வரும். மொத்தமாக அச்சடித்தாற்போல் தயாரிக்கும் வீடியோக்களுக்கு வருமானம் இல்லை என்பது பழைய விதிதான். 2025 ஜூலை 15 முதல் அதை இன்னும் தெளிவாக எழுதிவிட்டார்கள்.

சினிமாப் பாட்டைப் பத்து விநாடி போட்டேன். காப்பிரைட் என்று வந்தது. பயந்துபோய் மூன்று வீடியோவை அழித்துவிட்டேன்.
– வாசகி, கும்பகோணம்

அழித்திருக்க வேண்டாம். 'கிளெய்ம்' வேறு, 'ஸ்டிரைக்' வேறு. கிளெய்ம் என்றால் அந்த வீடியோவின் விளம்பரக் காசு பாட்டுக்காரருக்குப் போகும், அல்லது சில நாடுகளில் தெரியாது. சேனலுக்குக் கறுப்புப் புள்ளி இல்லை. ஸ்டூடியோவிலேயே அந்தப் பாட்டை மட்டும் நீக்கலாம், மாற்றலாம். உரிமையாளர் புகார் கொடுத்து வீடியோவையே நீக்க வைத்தால் வருவது ஸ்டிரைக். அதுதான் ஆபத்து: 90 நாளுக்குள் மூன்று வாங்கினால் சேனல் போய்விடும். பத்து விநாடிக்குள் போட்டால் பரவாயில்லை என்று யாரோ சொன்னதை நம்பாதீர்கள், அப்படி விதி எதுவும் இல்லை. ஸ்டூடியோவின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது.

எவ்வளவு நாள் முயன்ற பிறகு நிறுத்தலாம்? நிறுத்தினால் தோல்வி என்று நினைக்க வேண்டுமா?
– வாசகர், விழுப்புரம்

நாளைக் கணக்கு வைக்காதீர்கள், வீடியோவைக் கணக்கு வையுங்கள். ஒரே பொருளில் முப்பது வீடியோ, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விஷயத்தை மாற்றி: ஒன்றில் தொடக்கம், ஒன்றில் தம்ப்நெயில், ஒன்றில் நீளம். எதை மாற்றினீர்கள், சராசரியாக எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். முப்பது முடியும்போது அந்த நிமிடம் ஏறியிருந்தால், வியூஸ் இல்லாவிட்டாலும் தொடரலாம். ஏறவே இல்லை, அடுத்த வீடியோவை நினைத்தாலே எரிச்சல் வருகிறது என்றால் பொருளை மாற்றுங்கள், அல்லது நிறுத்துங்கள். நிறுத்துவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆனால் சேனலை அழிக்காதீர்கள், வீடியோக்களை பிரைவேட்டும் செய்யாதீர்கள். பிரைவேட், அன்லிஸ்டட் (லிங்க் உள்ளவர் மட்டும் பார்ப்பது), அழித்தவை எதன் நேரமும் 4,000 மணிக் கணக்கில் நிற்காது. தேடலில் வருகிற வீடியோக்கள் நீங்கள் இல்லாதபோதும் ஓடிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே வருமானத் தகுதி பெற்றவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆறு மாதம் எந்த வீடியோவும் போஸ்ட்டும் போடாமல் இருந்தால் அந்தத் தகுதியை யூடியூப் எடுத்துவிடலாம். ஓய்வெடுக்கிறவர்கள் ஐந்தாவது மாதத்தில் ஒரு போஸ்ட்டாவது போட்டுவிடுங்கள்.